மறு: ரோட்டிஃபருக்கு ஒரு தமிழ்ப் பெயர்

குழும அன்பர்களுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

குளத்து நீரில் வாழும், நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய குட்டிப் பிராணியான ரோட்டிஃபருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாளாக இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. நான் வாய் திறக்காததற்குக் காரணம் ஒன்றுதான். பெயர் வைக்கும் முன் பிள்ளையின் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிடலாமே என்று இருந்தேன். சனிக்கிழமை இரவு பார்த்தாயிற்று. இனிப் பேசலாம்.

முதலில், 'ரோட்டிஃபர் என்றே விட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும்' என்று எழுதிய சிரம்பான் தம்பிக்கு. அந்தச் சொல்லை என் வீட்டில் நான் முதன்முதலில் சொன்னபோது என் மனைவி கேட்டது இது: "ரொட்டி சானாய் மாவுல வர்ற பூச்சியா?" இந்த நாட்டில் 'ரொட்டி' என்ற ஒலி காதில் விழுந்தால் மனசு நேராக மாமாக் கடைக்குப் போய்விடும் தம்பி. அப்புறம் அதைக் குளத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு.

இனி ஈப்போ ஐயாவுக்கு.

> இலத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம், 'ஃபெர்' என்றால் தாங்குவது.
> ஆகவே 'சக்கரந்தாங்கி' அல்லது 'சக்கரவாயி' என்பதே நேரான ஆக்கம்.

ஐயா, இலத்தீனில் பிழையே இல்லை. 1798இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே அந்தப் பெயரை இட்டபோது, அதற்கு முன்பே ஏறத்தாழ நூறு ஆண்டாக எல்லாரும் சக்கரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், 1702 வாக்கில் கூரைத் தண்ணீர் வடிகாலில் காய்ந்து கிடந்த வண்டலை நனைத்துப் பார்த்தபோது, அவர் கண்ணுக்கும் பட்டது இரண்டு சிறு சக்கரங்களே. நீங்கள் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் இரண்டைத் தலையில் ஒட்டிவைத்தாற்போல் இருக்கும்.

ஆனால் அங்கே எந்தச் சக்கரமும் சுற்றவில்லை. தலையின் விளிம்பில் வரிசையாக நுண்மயிர் போன்ற குற்றிழைகள் இருக்கின்றன (யாழ்ப்பாணத்து நண்பர் பிசிர் என்பார், இரண்டும் ஒன்றே). ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே அடிக்கிறது, பக்கத்து இழைக்குச் சற்றே பிந்தி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போட்டு, வளைவுகளில் சர விளக்குக் கட்டியிருப்பார்கள். வெளிச்சம் வளைவைச் சுற்றிச் சுற்றி ஓடும், பல்பு ஓடாது. அதே சங்கதிதான் இது. ஓர் உறுப்பு உண்மையிலேயே முழுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தால், அதை உடம்போடு இணைக்கும் தசை முறுக்கிக்கொண்டு அறுந்துபோகாதா?

ஆக, ஐரோப்பியர் கண்மயக்கத்தில் வைத்த பெயரை நாம் விவரம் தெரிந்த பிறகும் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வைத்துக்கொள்வானேன்? என் வழக்கு இவ்வளவுதான்.

சரி, அப்படியானால் அங்கே எதுதான் சுற்றுகிறது? அதைப் பார்க்கத்தான் சனிக்கிழமை உட்கார்ந்தேன்.

வாசலில் ஒரு தாமரைத் தொட்டி வைத்திருக்கிறேன். கொசுப்புழு கண்டால் தண்டம் போடுவதற்கு இங்கே 1975லிருந்தே சட்டம் இருப்பதால் அதில் கப்பி மீன் விட்டிருக்கிறேன். மாடிவீட்டு வரிசையில் குளம் வைத்துக்கொள்ள நான் கட்டும் கப்பம் அது. தொட்டியின் உட்சுவரில் பிடித்திருந்த வழுவழுப்பை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி, மருந்து டிராப்பரால் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் விட்டேன். சொட்டை மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் தகடான கவர் ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் கடுகளவு வாசலின் வைத்து இறக்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கவர் ஸ்லிப்பின் கனம் 0.17 மில்லிமீட்டர்தான், ஆனால் அடியில் கிடக்கும் பிராணிக்கு அது அம்மிக்கல். கால் கொடுத்துத் தூக்கி வைக்காவிட்டால் சப்பையாகிவிடும்.

என் நுண்ணோக்கி பழையது, ஒற்றைக்கண், இரண்டாம் கைக்கு 450 வெள்ளி. வழக்கமாக ஒளிகுவிப்பிக்குக் கீழே 10 சென் காசை வைத்து வட்டம் வரைந்து வெட்டிய கறுப்பு அட்டையைச் செருகிப் பார்ப்பேன். பின்புலம் இருண்டு, பிராணி மட்டும் வெள்ளிக்கம்பி வேலைப்பாடு போல மின்னும். அன்றைக்கு அட்டையை எடுத்துவிட்டேன், மை பார்க்க வெளிச்சப் பின்புலம்தான் வசதி.

மை என்றது, ஜார்ஜ்டவுனில் தூரிகை எழுத்துக்காரர்கள் வாங்கும் கறுப்பு மை. ஆங்கிலேயர் அதை 'இந்திய மை' என்கிறார்கள். இங்கே கேட்டால் 'டாக்வாட் சீனா', சீன மை. பெயர் வைப்பதில் நாம் மட்டும்தான் அடித்துக்கொள்கிறோம் என்று நினைக்க வேண்டாம். பல்குச்சி நுனியால் மையைத் தொட்டு, கவர் ஸ்லிப் ஓரத்தில் வைத்தேன்.

40 மடங்கில் தேடி, 100 மடங்கில் நிறுத்தினேன். பாசி இழை ஒன்றில் கால் ஊன்றி ஒருத்தி நின்றிருந்தாள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மை வந்து சேர்ந்ததும் சுருண்டு உருண்டையாகிவிட்டாள். நான் அசையவில்லை. காப்பி ஆறிப்போனது. பிறகு குடைக்காம்பு நீள்வதுபோல் உடம்பு ஒன்றிலிருந்து ஒன்றாக வெளியே வந்தது, கடைசியில் தலை விரிந்தது. விரிந்த நொடியே சுற்றியிருந்த கறுப்புத் துகள்களெல்லாம் புறப்பட்டன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டு நீர்ச்சுழி. துகள்கள் ஓரமாக வளைந்து போய், திரும்பி வந்து, நடுவில் வாயை நோக்கிச் சரிகின்றன. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிபோல் இருந்த வயிற்றில் கறுப்பு இறங்கியிருந்தது.

சுற்றுவது தண்ணீர். தமிழில் தண்ணீர் சுற்றுவதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை, சுழி என்று ஆற்றங்கரையில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் பொருந்தி வருகிறது. தலையில் இருப்பதும் நமக்குச் சுழிதான். என் பாட்டி தோட்டத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் உச்சந்தலையைத் தடவிச் சுழி எண்ணுவார். இரட்டைச் சுழி என்றால் இரண்டு பெண்டாட்டி என்று அங்கேயே தீர்ப்பு. நான் மையில் பார்த்த வகைக்குத் தலையில் இரட்டைச் சுழி, ஆனால் அந்த வகை முழுவதிலும் இதுவரை ஓர் ஆணைக்கூட யாரும் கண்டதில்லை. எல்லாம் பெண், தாய் தன் பாட்டுக்கு முட்டையிட்டு மகளைப் பெறுகிறாள். பாட்டி இருந்திருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பாரோ!

அதனாலேயே என் முதல் யோசனையாக இருந்த 'சுழியன்' என்பதை நானே தள்ளிவிட்டேன். பெண்கள் மட்டுமே உள்ள கூட்டத்துக்கு அன் விகுதியா? போதாததற்கு அது தின்பண்டத்தின் பெயர் வேறு. மெல்லுடலி, கணுக்காலி, முட்தோலி, குழியுடலி என்று விலங்கியலில் ஏற்கெனவே ஓடுகிற இகர ஈற்று வரிசையில் சேர்த்தால்: சுழிவாயி.

ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்க்க அதை இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். மேலே சொன்ன பெண்மட்டும் வகை, நீந்தாத நேரத்தில் தலையை ஊன்றி, வாலை இழுத்து, மறுபடி தலையை ஊன்றி அட்டைபோல் நகரும். அதன் கிரேக்கப் பெயரிலும் (டெலாய்டு, bdelloid) அட்டைதான் இருக்கிறது. அட்டைச் சுழிவாயி. நாக்கில் தடங்கவில்லையே? பின்சந்துச் சுவரில் காய்ந்து கிடக்கும் பாசியைச் சுரண்டி நனைத்துவைத்தால் எழுந்து வருவதும் இந்த அட்டைச் சுழிவாயிதான். சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து சுமார் 24,000 ஆண்டுக்குப் பிறகு எழுந்து வந்து முட்டையும் இட்டதாக 2021இல் செய்தி வந்ததே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

அடித்து நொறுக்குங்கள், காத்திருக்கிறேன்.

----

கிள்ளானிலிருந்து:

அண்ணே, அன் விகுதியை நீங்களாகவே கைவிட்டதால் ஒரு சண்டை மிச்சம். ஆனால் நான் முன்மொழிந்த 'சுழலி'யை ஒரு வரிகூடச் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அது சிறியது, எழுதவும் எளிது. 'சுழிவாயி' என்றால் என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் வாயாடியைச் சொல்கிறேன் என்று சிரிப்பார்கள். கணிதப் பாடத்தில் அவர்களுக்குச் 'சுழியம்' வேறு இருக்கிறது, குழப்பாதா?

இப்படி எழுதி வைத்துவிட்டு, அனுப்பாமல் இன்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. "குளத்துல ஒரு குட்டிப் பிராணி, பேரு இது, எப்படி இருக்கும்னு வரைங்க" என்றேன். பாதிப் பேருக்குச் சுழலி, பாதிப் பேருக்குச் சுழிவாயி. சுழலி பக்கம் முக்கால்வாசி மின்விசிறி வந்தது, ஒருத்தன் பம்பரம் வரைந்து கண்ணும் வைத்துவிட்டான். சுழிவாயி பக்கம் பெரிய வாயும் அதைச் சுற்றி வட்ட வட்டமாய்த் தண்ணீரும். சிரித்தார்கள்தான், சிரித்துக்கொண்டேதான் சரியாக வரைந்தார்கள். சுழியம் யாருக்கும் நினைவுக்கே வரவில்லை.

சுழலியைத் திரும்பப் பெறுகிறேன். மின்விசிறிக்கு யாராவது வைத்துக்கொள்ளுங்கள்.

----

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்ல சொல் தான் அண்ணை. நாங்கள் நுணுக்குக்காட்டி, பிசிர் எண்டு எழுதிப் பழகின ஆக்கள், ஆனால் சுழி எங்களுக்கும் சுழி தான். ஒரு சிக்கல் சொல்லவோ? கொலோதீக்கா எண்டு ஒரு பேரினம் இருக்குது. அது இலையில ஒட்டிக்கொண்டு, நீளமான மயிர்களை விரிச்சு வைச்சுப் பொறி மாதிரிக் காத்திருந்து இரை பிடிக்கும். அதிட்டைச் சுழியும் இல்லை, சுழிக்கிறதும் இல்லை. சுழிக்காத சுழிவாயியை என்ன செய்யப் போறியள்?

----

பினாங்கிலிருந்து மறுமொழி:

தம்பி, பிடித்தீர்கள். கொலோதீக்காவை நான் நேரில் கண்டதில்லை, படத்தில்தான். உங்கள் தடை சக்கரத்துக்கும் உண்டு என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிட நேர்மையான பதில் எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கு வைத்த பெயர் அது. இன்றைக்குத் தேங்காய் எண்ணெய், செம்பனை எண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் வந்துவிட்டோம், எள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சுமார் 2,000 இனங்கள் உள்ள தொகுதியில் பெரும்பாலானவை சுழித்துச் சாப்பிடும்போது, சுழிக்காத சிலதும் குடும்பப் பெயரைச் சுமந்துகொண்டு போகட்டும்.

கிள்ளான் தங்கச்சிக்கு: அந்தப் படங்களை வருடி அனுப்ப முடியுமா? கண் வைத்த பம்பரம் எனக்கு வேண்டும்.

ஈப்போ ஐயா தனிமடலில் ஒப்புதல் தந்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு. அதன் தொண்டைக்குள் தட்டித் தட்டி அரைத்துக்கொண்டிருக்கும் உறுப்புக்கு, மாஸ்டக்ஸ் என்கிறார்களே, அதற்குத் 'திரிகை' என்று தம் பெயர் இருக்க வேண்டுமாம். 400 மடங்கில் பார்த்தால் இரண்டு தகடு எதிரெதிராக இடித்துக்கொள்வது தெரியும். அட்டைச் சுழிவாயிக்குத் திரிகை கச்சிதம். 'அரைவைப்பை' கரப்பான்பூச்சிப் பாடத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பதால் அதைத் தொட முடியாது. ஆனால் ஐயா, இரையைக் கவ்விப் பிடிக்கும் வகைகளில் அதே உறுப்பு இடுக்கி மாதிரி வெளியே நீண்டு வருகிறது. திரிகை வாயைத் தாண்டி வந்து கடிக்குமா?

அதற்குப் புது இழை தொடங்குகிறேன். மை இன்னும் முக்கால் புட்டி இருக்கிறது.