முதன்முறையாக உளவியல் தெரபிக்குப் போகிறவர்களுக்கு: எங்கள் அனுபவங்கள்

பகிர்வு 1: அம்மாப்பேட்டை, வங்கி ஊழியர்

முதல் அமர்வில் எந்தத் தீர்வும் கிடைக்காது, கேள்விகள்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த இரண்டொருவர், "பணம் வாங்கிக்கொண்டு என் கதையை என்னிடமே கேட்டார்கள்" என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கேள்விகள் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஏற்காட்டில் வேலை. தினமும் சேலத்திலிருந்து பஸ். அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தவுடன் நெஞ்சு படபடக்கும், கை விரல்கள் மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். இ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "இதயத்தில் ஒரு குறையும் இல்லை அம்மா. இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பயம். உளவியலாளரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். உடம்பில் காரணம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. நீங்களும் அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டே போங்கள்.

யாரைப் பார்ப்பது என்பதில் பலருக்கும் குழப்பம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், பேச்சு வழிச் சிகிச்சை தருபவர். மருந்து எழுத மாட்டார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். "கவுன்சலிங்" என்ற பலகை மட்டும் தொங்கும் இடங்களில் படிப்பையும் பதிவு எண்ணையும் தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கட்டணத்தையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரங்களில் பதற்றம் எத்தனை நாள், கவலையை நிறுத்த முடிந்ததா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட வேறொரு தாள். அதன் கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. திடுக்கிட வேண்டாம், அந்தத் தாளை நிரப்பும் எல்லோரிடமும் கேட்பதுதான். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

பிறகு தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் யார், எப்போது ஆரம்பித்தது என்று நீண்டது பேச்சு. ஒரு நாளைக்கு எத்தனை காபி என்றும் உளவியலாளர் கேட்டார். காபித் தோட்டங்களுக்கு நடுவே வேலை பார்ப்பவளிடம் கேட்கிறாரே என்று நினைத்தேன். காபி சிலருக்குப் படபடப்பைத் தூண்டும் என்பதால் கேட்டிருக்கிறார். "கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னபோது முகம் சுளிக்கவில்லை; குறித்துக்கொண்டார். முடிவில், "என்ன மாறினால் இந்தச் சிகிச்சை பலித்தது என்று சொல்வீர்கள்?" என்று கேட்டார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல் ஏற்காடு போய்ச் சேர வேண்டும் என்றேன். அதைத்தான் நோட்டின் தலைப்பில் எழுதினார்.

அடுத்த அமர்வில் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் வரைந்தார். நெஞ்சு படபடக்கிறது, "மாரடைப்பு" என்று மனம் சொல்கிறது, அந்தப் பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, படபடப்பு இன்னும் கூடுகிறது, "பார்த்தாயா, மாரடைப்பேதான்" என்கிறது மனம். இப்படியே சுற்றி வருகிறது. இந்த வழிமுறைக்கு சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) என்று பெயர், 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் தொடங்கி வைத்தது. சுற்றை அறுப்பது எப்படி என்பதைப் பேசி மட்டும் புரியவைக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என்னை மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். கூடவே அவரும் ஏறினார். அதே படபடப்பு, அதே மூச்சிரைப்பு. "இப்போது பயமாக இருக்கிறதா?" என்றார். இல்லை. "ஏன்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் தேடும் வரை பேசாமல் இருந்தார்.

அதன் பிறகுதான் மலைப்பாதை. முதலில் அடிவாரம் வரை, அடுத்து முதல் சில வளைவுகள், பிறகு கூட்டமில்லாத நேரத்து பஸ். ஒவ்வொரு முறையும் பயத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் எழுத வேண்டும். பயம் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும், சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சியைத் தொட்டுவிடும் என்று சொல்லியிருந்தார். அது இறங்கும் முன் நாம் பஸ்ஸிலிருந்து இறங்கக் கூடாது. இவ்வளவு நாளும் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டே போவேன். அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னபோதுதான் உண்மையிலேயே அழுதேன். "பழத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அதனால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும்" என்றார்.

ஆரம்ப வாரங்களில் அமர்வு முடிந்து வரும்போது அடித்துப் போட்டாற்போல அசதி. சில நாள் முன்பைவிட மோசமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். முடிந்தால் அன்று அரை நாள் விடுப்பு எடுங்கள். சில அமர்வுகளுக்குப் பிறகும் அவரிடம் மனம் திறக்க முடியவில்லை என்றால் வேறொருவரைப் பார்ப்பது துரோகம் ஆகாது.

இப்போதும் சில நாள் படபடப்பு வருகிறது. நான் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை.

பகிர்வு 2: செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை நடத்துபவர்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் படிக்கும் என் மகனை உளவியலாளரிடம் அழைத்துப் போனேன். கொஞ்ச நேரம் இருவரிடமும் பேசிவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். முடிந்ததும் என்ன சொன்னான் என்று கேட்டேன். "தம்பி சம்மதித்தால் சொல்கிறேன் சார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க மாட்டேன், அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்" என்றார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியக் காப்பு உரிமை தருகிறது என்றும் விளக்கினார். பெற்ற மனதுக்கு அது கஷ்டம்தான். ஆனால் அந்த உறுதி இருந்ததால்தான் பையன் வாயைத் திறந்தான் என்று நம்புகிறேன். திரும்பும் வழியில் துருவித் துருவிக் கேட்காதீர்கள். நாங்கள் வண்டியை நிறுத்தித் தட்டுவடை செட் சாப்பிட்டோம், கிரிக்கெட் பேசினோம்.

பகிர்வு 3: ஓமலூர்

தனியாரிடம் போக வசதியில்லாதவர்கள் தள்ளிப்போட வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். முதலில் மருத்துவர் பார்ப்பார். பேச்சு வழிச் சிகிச்சையும் வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். எனக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். சரியாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது.

நேரில் போகும் துணிவு வராதவர்கள் 14416ஐ அழைக்கலாம். எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசுகிறார்கள். தமிழக அரசு 2022இல் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தொடங்கிய சேவை. தற்கொலை எண்ணம் இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் அந்த நேரமே அழையுங்கள், வீட்டில் ஒருவரையும் எழுப்புங்கள்.

மருத்துவமனையில் கூட்டம் இருக்கும். அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.