அட்வான்ஸ், ஒப்பந்தம், ஓனர்: வாடகை வீட்டில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மாடிப்படி:
மடிப்பாக்கத்தில் ஆறு வருடம் குடியிருந்த வீட்டைப் போன வருடம் காலி செய்தோம். வாடகை 14,000. அட்வான்ஸ் சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகை, 1,40,000. சாவியைக் கொடுத்ததும் ஓனர் "பெயிண்டிங், பைப், வயரிங் எல்லாம் பார்க்கணும், 45,000 பிடிச்சுக்கிறேன்" என்றார். வயரிங் நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே பழையது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தை (2017-இல் இயற்றியது) அப்போதுதான் முழுதாகப் படித்தேன். அதன் இரண்டாவது அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எங்கள் ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது பெயிண்டிங்கிற்கு ஒரு மாத வாடகை" என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படி, அட்டவணை நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்ற 11-ஆவது பிரிவையும் அதில் குறிப்பிட்டேன். 1,26,000 வந்து சேர்ந்தது.

ஒரு விஷயம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர" என்ற ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. பத்து மாதம் கேட்கிறவர்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். இதை அரசு அடைக்க வேண்டும்.

கீழ்வீடு:
எங்களுக்கு நடந்தது தண்ணீர் விஷயம். அம்பத்தூர். ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கும்போதே வாடகையில் 3,000 ஏற்றச் சொன்னார் ஓனர். ஒப்பந்தத்தில் இல்லாததைத் தர மாட்டோம் என்றோம். மறுநாளே மோட்டார் ரூமுக்குப் பூட்டு. என் கணவர் வெளியூரில், நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். குடிக்க கேன் வாங்கினோம், குளிக்க எதிர்வீட்டு அக்கா குடம் குடமாகக் கொடுத்தார். அவருக்கு என்றும் நன்றி.

தண்ணீர், கரண்ட் மாதிரி அத்தியாவசியமானவற்றை ஓனர் நிறுத்தவே கூடாது என்று அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், விசாரணை முடிவதற்குள்ளேயே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். துணை கலெக்டர் தகுதிக்குக் குறையாதவர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். நான் மனு கொடுக்கப் போனபோது அந்த அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் இருக்காம்மா?"

இருந்தது. குடிவந்த புதிதில் என் தம்பிதான் விடாப்பிடியாக நின்று ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வைத்தான். ஓனர் கையெழுத்துப் போட வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வராவிட்டால் குடியிருப்பவர் தனியாகவே விவரத்தைத் தாக்கல் செய்யலாம். அப்படித்தான் செய்தோம். மனுவுக்கு நோட்டீஸ் போனதும் பூட்டு திறந்தது. அதற்கப்புறம் அவர் எங்களோடு பேசவில்லை. ஒப்பந்தக் காலம் முடிகிற வரை அங்கேதான் இருந்தோம்.

தறிச்சத்தம்:
ஓனர் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். சேலத்தில் அம்மா பேரில் இருக்கிற சின்ன வீடு, அந்த வாடகைதான் அம்மாவின் மருந்துச் செலவு. குடியிருப்பவர் வாடகையை நிறுத்திவிட்டார். தெருவில் ஆளாளுக்கு "சாமானைத் தூக்கி வெளியே போடு" என்றார்கள். அம்மா சம்மதிக்கவில்லை, நானும்தான். இரண்டு மாத பாக்கி இருந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கியைக் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. அது நியாயம்தான், வேலை போன மனிதருக்கு மூச்சு விட நேரம் வேண்டாமா? எங்கள் ஆள் பாதியைக் கட்டிவிட்டு மீதிக்குச் சாக்குச் சொன்னார். வழக்கு நடக்கிறது. எல்லா ஓனரும் பணக்காரர் இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

புதுக்குடித்தனம்:
பத்திரத்தில் 11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவே வேண்டாம் என்கிறாரே புரோக்கர்?

மாடிப்படி:
அது 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்வது. அதில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், அதனால்தான் எல்லாரும் 11 மாதம் போடுகிறார்கள். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. அது எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வேண்டும். தமிழ்நாடு அரசின் வாடகைப் பதிவுத் தளத்திலேயே செய்யலாம். குடிபோகும் அன்றே சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள்.

நிலாமுற்றம்:
நீங்கள் எல்லாம் வீடு கிடைத்த பிறகு வருகிற தொல்லையைச் சொல்கிறீர்கள். எனக்கு வீடே கிடைக்கவில்லை. போனில் நன்றாகப் பேசுவார்கள், என் பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் ஒருத்தர் டோக்கன் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். டூலெட் போர்டு அடுத்த வாரமும் அங்கேயே தொங்கும். சிலர் நேராகவே "நான்வெஜ் சமைக்கக் கூடாது" என்பார்கள், சிலர் சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்டுச் சாதிக்கு வருவார்கள். நானும் அந்தச் சட்டத்தைப் படித்தேன். மதத்துக்காகவோ சாதிக்காகவோ வீடு தர மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

கீழ்வீடு:
படிக்கவே மனசு வலிக்கிறது. இப்போது நாங்கள் கொரட்டூரில் இருக்கிறோம். மேல் வீடு அடுத்த மாதம் காலியாகிறது, 12,000 சொல்கிறார்கள். ஓனர் அம்மாவிடம் நானே பேசுகிறேன், உங்கள் வசதி என்ன என்று எழுதுங்கள்.