மூன்றாண்டு இடைவெளிக்குப் பின் கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்: ரெஸ்யூமில் எதை எழுதுவது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பி.காம். முடித்து, திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 2018 முதல் 2022 வரை பணிபுரிந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். இப்போது பின்னலாடை நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்து வருகிறேன். பதினெட்டு இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை. ரெஸ்யூம் மூன்று பக்கம் உள்ளது. முதலில் குறிக்கோள், அடுத்துப் படிப்பு, பிறகு ‘டேலி, ஜிஎஸ்டி, எக்செல் நன்கு தெரியும்’ என்ற வரி, இறுதியில் தந்தை பெயர், மதம், உறுதிமொழி. இடைவெளியைப் பற்றி எதுவும் குறிப்பிடவில்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனித்து வருகிறேன். வரும் விண்ணப்பங்களை முதலில் படிப்பவன் நான்தான். ‘ஜிஎஸ்டி தெரியும்’ என்று எல்லோருமே எழுதுகிறார்கள் என்பதால், அந்த வரியை வைத்து யாரையும் அழைக்க முடிவதில்லை. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டுவதற்கான மாதச் சுருக்கம்) என்று எத்தனை நிறுவனங்களுக்குத் தாக்கல் செய்தீர்கள், கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு (சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல்) ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாத பில்களைக் கண்டுபிடித்து, அவர்களிடம் பேசி இன்புட் கிரெடிட்டை (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவு) பெற்றுத் தந்தீர்களா என்பதையே நான் தேடுகிறேன். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பும்போது போடும் ஜாப் ஒர்க் சலான்களைப் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் ஊரில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எண்ணிக்கை உண்மையானதாக இருக்கட்டும், ஏனெனில் நேர்காணலில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். பணி அனுபவம் முதல் பக்கத்தில், படிப்புக்கு முன்பாக வர வேண்டும்.

பதில் 2:
சகோதரி, நானும் இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பியவள். இடைவெளியை மறைத்தால் படிப்பவர் தாமாக ஏதேனும் நினைத்துக்கொள்வார். ‘2022 முதல்: குழந்தை வளர்ப்புக்காகப் பணியிலிருந்து விலகியிருந்தேன்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள், வருத்தமோ விளக்கமோ தேவையில்லை. அதைவிட முக்கியம், இடையில் மாறிய விதிகளை அறிந்திருக்கிறீர்கள் என்று காட்டுவது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயமாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம் என்று வரி மாறியிருக்கிறது. இவற்றைப் படித்து, டேலி பிரைமில் ஒரு மாதிரி நிறுவனத்தைத் தொடங்கிப் பயிற்சி செய்தபின், அதையும் அந்த வரிக்குக் கீழேயே குறிப்பிடுங்கள்.

பதில் 3:
தந்தை பெயர், மதம், உறுதிமொழி மூன்றையும் நீக்கினாலே ஒரு பக்கம் குறையும். ஆதார் எண்ணை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் வடிவமைப்பும் கட்டங்களும் வேண்டாம். வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் சில நேரங்களில் அவற்றைத் தாறுமாறாகப் படித்துவிடுகிறது. எளிய பிடிஎஃப் போதும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மாதம் 14 நிறுவனங்களுக்குத் தாக்கல் செய்திருக்கிறேன். அவற்றுள் மூன்று ஏற்றுமதி நிறுவனங்கள், அவற்றின் ரீஃபண்டுக்கான ஆர்எஃப்டி-01 விண்ணப்பங்களையும் நான்தான் தயாரித்தேன். என் ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்றிரவே முதல் பக்கத்தின் மேல்வரியாக அதை எழுதப்போகிறேன்.