காய்ச்சல் முகாமில் எலிக்காய்ச்சலுக்கும் சோதனை கேட்கலாமா? வட சென்னையிலிருந்து ஒரு விவாதம்

கொருக்குப்பேட்டை வாசகன்:

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மண்டல நல அலுவலருக்கு ஒரு மனு தயாராகியிருக்கிறது. அனுப்புவதற்கு முன் இங்கே கருத்துக் கேட்கிறேன். மழைக்காலக் காய்ச்சல் முகாம்களில், நான் பார்த்தவரை, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் டெங்குவுக்கு இரத்தம் எடுக்கிறார்கள். டெங்கு இல்லை என்று வந்துவிட்டால் ‘வைரல் ஃபீவர்’ என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது என்ன காய்ச்சல் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பக்கிங்காம் கால்வாயையும் கேப்டன் காட்டன் கால்வாயையும் ஒட்டி, கிடங்குகளுக்கும் பெருச்சாளிகளுக்கும் நடுவே வாழ்கிற நமக்கு அந்தக் காய்ச்சல்களில் எத்தனை எலிக்காய்ச்சல் என்று தெரிந்தாக வேண்டும்.

மனுவில் இரண்டு கோரிக்கைகள் உள்ளன. முகாமில் எடுக்கும் அதே இரத்தத்தில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமிக்கும் சோதனை செய்யவேண்டும். கால்வாய்க் கரையிலுள்ள எலிகளிடமும் மாடுகளிடமும் கால்நடைத் துறையினர் மாதிரி எடுத்து, மனிதர்களின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இதற்கு வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் விலங்கு நல ஆய்வு மையத்திலேயே லெப்டோஸ்பைரா ஆய்வுக்கூடம் இருக்கிறது.

வியாசர்பாடி இரா.:

தோழர், இந்த மனுவை நான் எதிர்க்கிறேன். எலிக்காய்ச்சல் எதனால் வருகிறது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன கேள்வி. 1915 வாக்கில் ஜப்பானில் இனாடாவும் இடோவும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கிய மஞ்சள்காமாலைக் காய்ச்சலில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எலியின் சிறுநீர் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீரில் வெடிப்புக் காலோடு நடப்பவனுக்கு நோய் வருகிறது. இதில் இன்னும் எதைக் கண்டுபிடிக்கப்போகிறோம்? செய்யவேண்டியது கால்வாயைத் தூர்வாருவது, குப்பையை அன்றன்றே அள்ளுவது, தண்ணீரில் இறங்குகிற தொழிலாளிக்கு முழங்கால் வரை பூட்ஸ் கொடுப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளத்தில் சனங்கள் நாள்கணக்கில் நடந்தார்கள். அந்தத் தண்ணீர் கெட்டது என்று அறிய யாருக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். இயந்திரம் தேவைப்படவில்லை.

நம்மைப் போன்ற பகுதிகளில் ஆய்வு என்பது, செய்யவேண்டியதைத் தள்ளிப்போடுவதற்கு நிர்வாகத்துக்குக் கிடைக்கும் மரியாதையான காரணம். கோரிக்கை வைத்தால் ‘ஆய்வு நடக்கிறது, அறிக்கை வரட்டும்’ என்பார்கள். 1964-ல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள்; அது எலி போன்ற சிறு விலங்குகள் சுமக்கும் ஹாண்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது, இன்றும் உலக நூல்களில் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர். பெயர் போனது, தோட்டப்பாளையத்துக்கு என்ன வந்தது?

ஆய்வகத்தான் (திருவொற்றியூர்):

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுத அனுமதி வேண்டும். இரா. ஐயா சொல்வதில் ஒரு பாதி சரி: காரணம் தெரியும். ஆனால் காரணம் தெரிவதும், இந்தத் தெருவில் இந்த வாரம் வந்த காய்ச்சல் அதுதான் என்று தெரிவதும் வேறு வேறு. அந்தமானில் 1980-களின் இறுதியிலிருந்து மழை முடிந்ததும் மக்கள் காய்ச்சலோடு இரத்தம் கக்கி இறந்தார்கள். காரணம் தெரியாமல் ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று அதற்கு ஒரு பெயர் மட்டும் வைத்தார்கள். 1993-ல் போர்ட் பிளேரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர் முறையாக மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. ஜப்பானில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டு முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்தமானில் இறந்தவர்களுக்கு அது உதவவில்லை.

பிரேசிலின் சால்வதோர் நகரத்தில் 1996-ல் நடந்ததும் இதுவே. ஒரே நேரத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் பரவியபோது, எலிக்காய்ச்சல் நோயாளிகள் பலரை முதலில் பார்த்த மருத்துவர்கள் டெங்கு என்று முடிவு செய்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் இரண்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றாகத்தான் வருகின்றன.

சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனுவில் வெறுமனே ‘சோதனை’ என்று எழுதினால் மலிவான ஒன்றைச் செய்து கணக்கை முடித்துவிடுவார்கள். காய்ச்சல் கண்ட முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருக்கும், அப்போது பி.சி.ஆர். எடுபடும். அதற்குப் பிறகு, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்புரதத்தைத்தான் தேடவேண்டும். எலைசா என்கிற இரத்தச் சோதனை முறையில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப்புரதத்தைப் பார்ப்பது எளிது, ஆனால் அது மாதக்கணக்கில் இரத்தத்தில் தங்கிவிடுவதால், நம் பகுதியைப் போல ஆண்டு முழுவதும் கிருமி புழங்கும் இடத்தில் போன மழையின் நோயை இந்த மழையின் நோயாகக் காட்டிவிடும். உறுதி செய்ய வேண்டுமானால் ‘மேட்’ என்கிற நுண்ணோக்கி ஒட்டுதல் சோதனை வேண்டும். அதற்கு உயிருள்ள லெப்டோஸ்பைராக்களை, வகை வகையாக, ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எதிர்ப்புப்புரதம் கூடுகிறதா என்று பார்க்க நோயாளியின் இரத்தத்தை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுக்கவேண்டும். இரண்டாவது முறை யார் வருகிறார்கள்? காய்ச்சல் விட்டதும் கூலிக்குப் போய்விடுகிறார்கள். இருண்ட புல நுண்ணோக்கியில் அந்தக் கிருமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுப்புப் பின்னணியில் நுனி வளைந்த வெள்ளி நூல்களாக அவை சுழன்றுகொண்டிருக்கும். நோயாளியின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப்புரதத்தால் ஒட்டுதல் நடந்தால் நூல்கள் திரண்டு முடிச்சாகிவிடும். அதை எண்ணிச் சொல்லப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் அந்தக் கண்ணுக்குச் சம்பளம் ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் குறை, அது இருக்கட்டும்.

விலங்கு மாதிரி ஏன் என்றால், 250-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ள இந்தக் கிருமியில் எலி, நாய், மாடு ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனக்குரிய வகையைச் சுமக்கிறது. மனிதரிடம் கிடைத்த வகையை வைத்து எங்கிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். எலி என்று நினைத்து விஷம் வைத்துக்கொண்டிருக்கும்போது மூலம் தொழுவத்தில் இருந்தால் என்ன பயன்?

பேசின்பிரிட்ஜ் செல்வி:

நான் படித்தவள் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் மருத்துவம் படித்தவள் இல்லை. என் தம்பி ஒப்பந்தத்தில் மழைநீர் வடிகால் அடைப்பு எடுக்கிற வேலையில் இருந்தான். மழை விட்ட வாரத்தில் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலில் கை வைத்தாலே கத்தினான், கழிவறையில் குந்தி உட்கார முடியவில்லை. கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது, ஆனால் பீளை இல்லை. இரவில் ஓர் இடத்துக்கு அழைத்துப்போனோம். பணியில் இருந்தவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, குடித்துவிட்டு வந்திருக்கிறான், காலையில் வாருங்கள் என்றார். அவன் குடிப்பவன்தான், அதை மறைக்கவில்லை, அன்றைக்குக் குடிக்கவில்லை. கண் மஞ்சளாகிச் சிறுநீர் நின்ற பிறகுதான் வேறு ஒரு மருத்துவர், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நோய் பிடிபட்டுவிட்டது. டயாலிசிஸ் செய்து பிழைத்தான், ஆனால் பழைய வேலைக்குப் போகும் உடம்பு இல்லை.

இரா. அண்ணா சொல்கிற பூட்ஸும் வேண்டும், ஆய்வகத் தம்பி சொல்கிற சோதனையும் வேண்டும். இரண்டும் வருவதற்குள் அந்தக் கேள்வியையாவது எல்லா இடத்திலும் கேட்கட்டும்.

வியாசர்பாடி இரா.:

செல்வி அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் எதிர்ப்பு வலுவாகிறதே ஒழியக் குறையவில்லை. அவர் தம்பியைக் கைவிட்டது சோதனைக் கருவி இல்லாமை அன்று. வட சென்னைக்காரன் கண் சிவந்து வந்தால் குடிகாரன் என்று முடிவுகட்டுகிற மனம். கெண்டைக்கால் வலி, பீளையில்லாத சிவந்த கண், தண்ணீரில் இறங்கும் தொழில் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் அச்சிட்டு மருத்துவர் மேசையில் ஒட்ட எத்தனை ரூபாய் ஆகும்? சந்தேகம் வந்தவுடன் டாக்ஸிசைக்ளின் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரையைக் கொடுத்துவிடலாம். அது உண்ணிக் காய்ச்சலுக்கும் கேட்கும், விலையும் அற்பம். 2018 வெள்ளத்தின்போது கேரளம் இரத்தச் சோதனையின் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. தண்ணீரில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்று முன்கூட்டியே மாத்திரையைக் கொடுத்தது.

ஆய்வகத்தான் (திருவொற்றியூர்):

ஐயா, கேரளம் கொடுத்த அந்த அளவு எங்கிருந்து வந்தது? அந்தமானின் கிராமங்களில் வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் அதற்குப் பின்னால் உண்டு. நீங்கள் வேண்டாம் என்கிற வகை ஆய்வுதான் அது. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மாத்திரை கிருமி உடலுக்குள் புகுவதைத் தடுக்கவில்லை, நோயாக முற்றுவதைத்தான் குறைத்தது. ஆகவே மாத்திரை போட்டாயிற்று என்று வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கச் சொல்ல முடியாது. உங்கள் பூட்ஸுக்கு ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. சால்வதோரிலும் குடிசைப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் இரத்தம் எடுத்து ஆராய்ந்தவர்கள், திறந்த சாக்கடைக்கு அருகில் வீடு இருப்பவருக்குத் தொற்று வாய்ப்பு கூடுகிறது என்று காட்டினார்கள். சாக்கடையை மூடு என்று கேட்பவன் கையில் இருக்கவேண்டிய தாள் அது.

ஏழைகள் மேல் நடக்கும் ஆய்வு ஏழைகளுக்குப் பயன்படாது என்பதும் நம் ஊர் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் படுத்துச் சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரேபோலக் குணமானார்கள் என்று 1959-ல் காட்டியது. வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் வழக்கொழிந்ததற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

மணலி மாட்டுக்காரர்:

இவ்வளவு பேரும் மாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், மாடு வைத்திருப்பவனைக் கேட்கவில்லை. என் தொழுவத்துக்கு வந்து இரத்தம் எடுப்பீர்கள், சரி. கிருமி இருக்கிறது என்று வந்தால் அடுத்து என்ன நடக்கும்? அந்தத் தெருவில் எவன் என்னிடம் பால் வாங்குவான்? சாலையில் திரிகிறது என்று ஏற்கெனவே மாட்டைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள்; இனி நோய் பரப்புகிறது என்று பட்டியல் போட்டுப் பிடிப்பார்கள். ஒரு மாடு சினை கலைந்தால் அது எதனால் என்று எனக்கும் தெரியவேண்டும்தான். சில நாடுகளில் மாட்டுக்கு இதற்குத் தடுப்பூசியே உண்டு என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார். முடிவை எனக்குச் சொல்லுங்கள், மருந்து கொடுங்கள். என் பெயரையும் தொழுவத்தின் முகவரியையும் வெளியில் போடக்கூடாது. அது எழுத்தில் இல்லாவிட்டால் வட சென்னையில் ஒருவனும் தொழுவக் கதவைத் திறக்கமாட்டான்.

கொருக்குப்பேட்டை வாசகன்:

மணலி ஐயா சொன்ன நிபந்தனையை அப்படியே சேர்த்துவிட்டேன். தெருவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் வெளியாகும். மாட்டின் முடிவு உரிமையாளருக்கும் கால்நடை மருத்துவருக்கும் மட்டும் போகும். செல்வி அக்கா சொன்னபடி, காய்ச்சல் சீட்டில் தொழிலைக் குறிக்க ஓர் இடம் வேண்டும் என்பதையும் முதல் கோரிக்கையாகவே வைத்திருக்கிறேன். மாலையில் ஊசி போட்டுக்கொள்ள நாம் முதலில் ஓடுவது தெருமுனைத் தனியார் மருத்துவரிடம்தான். 2004 முதல் நாட்டில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருந்தாலும் அங்கே பார்த்த காய்ச்சல் பலவும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை என்பதால், அவர்களும் மாதிரி அனுப்ப வழி கேட்டிருக்கிறேன்.

வியாசர்பாடி இரா.:

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு தெருவில் நான்கு பேருக்கு உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறிக்கை நல அலுவலரிடம் போகும். அவர் கையில் மாத்திரை இருக்கிறது, தூர்வாரும் இயந்திரம் இல்லை. வடிகால் பொறியாளருக்கும் குடிநீர் வாரியத்துக்கும் அந்தத் தாள் போகுமா, போனால் எத்தனை நாளில் ஆள் வரவேண்டும் என்பது மனுவில் எங்கே இருக்கிறது?

கொருக்குப்பேட்டை வாசகன்:

இப்போது எழுதுகிறேன். உறுதியான முடிவு வந்த 48 மணி நேரத்துக்குள் அறிக்கையின் நகல் மண்டலப் பொறியாளருக்கும் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்கும் போகவேண்டும். ஏழு நாளுக்குள் எடுத்த நடவடிக்கையை அந்தத் தெருவிலேயே பலகையில் எழுதி வைக்கவேண்டும்.

வியாசர்பாடி இரா.:

அந்த வரியோடு என்றால் மனிதருக்கான சோதனைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். எலி பிடித்து ஆராயும் கோரிக்கைக்குப் போடமாட்டேன். அந்தப் பணத்தில் குப்பைத் தொட்டிக்கு மூடி போடலாம் என்கிற கருத்தில் மாற்றமில்லை. இரண்டையும் தனித்தனி மனுவாகப் பிரித்தால் எங்கள் தெருவிலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

ஆய்வகத்தான் (திருவொற்றியூர்):

பிரிப்பதை நான் விரும்பவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. எலி மனுவை நான் எழுதித் தருகிறேன். முதல் மனுவில் மட்டும் ஒரு திருத்தம்: ‘சோதனை’ என்பதை எடுத்துவிட்டு, ‘காய்ச்சலின் முதல் ஏழு நாளில் பி.சி.ஆர்., அதன்பின் இரண்டு வார இடைவெளியில் இரண்டு மாதிரி, இரண்டாவது மாதிரியை வீட்டுக்கே வந்து எடுத்தல்’ என்று போடுங்கள்.