கோடையில் பாரதக் கூத்து பார்க்கவும் கொஞ்சம் பழகவும் எங்கே போகலாம்?

தாம்பரம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது. பொங்கலுக்குச் சென்னை சங்கமத்தில் ஒரு பூங்காவில் அரை மணி நேரம் தெருக்கூத்து பார்த்தாள், அன்றிலிருந்து வீட்டுக் கூடத்தில் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இருக்கிறாள். சரி, ஆசைப்படுகிறாளே என்று போன மாதம் நகரத்தில் ஒரு நாள் பட்டறை ஒன்றுக்குப் பணம் கட்டிக் கூட்டிப்போனேன். முகத்தில் சாயம் பூசி, கிரீடம் வைத்துப் படம் எடுத்து, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு பாட்டு முழுதாகச் சொல்லித் தரவில்லை, தாளம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் "அப்பா, கூத்து எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கோடை விடுமுறையில் நிஜமான கூத்து எங்கே நடக்கும், வெளியூர்க்காரர்கள் போய் உட்காரலாமா, ஓரளவு பழகவும் வழி உண்டா? எனக்கு இந்தப் பக்கத்தில் ஒருவரையும் தெரியாது.

செய்யாற்றுக்காரன்:

சார், கோடைதான் சரியான நேரம். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி சுற்று வட்டாரத்தில் பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம், அதாவது மகாபாரதக் கதையை நாள் கணக்கில் சொல்லியும் ஆடியும் நடத்தும் திருவிழா, நடந்துகொண்டேதான் இருக்கும். சில ஊரில் வருடா வருடம், சில ஊரில் வரி வசூலாகிற வருடம் மட்டும். மதியம் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாட்டும் வசனமுமாகச் சொல்வார், கிழவிகளும் வேலை இல்லாத ஆண்களும் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூத்து, விடிய விடிய. மதியம் சொன்ன கதையின் தொடர்ச்சிதான் பெரும்பாலும் இரவில் ஆடுவது. அதனால் மகளை மதியமே கூட்டி வந்துவிடுங்கள், இரவில் யார் யார் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

எந்த இரவு வருவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஊரில் அச்சடிக்கும் திருவிழாப் பத்திரிகையில் எந்தத் தேதியில் என்ன கூத்து, எந்த ஊர் ஜமா (கூத்துக் குழு) என்று போட்டிருப்பார்கள், சுவரிலும் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் தடவை என்றால் நான் கர்ண மோட்சம் சொல்வேன். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசுகிற இடத்தில் கல்நெஞ்சும் கரையும். சூதாட்டமும் பாஞ்சாலி துகிலுரிதலும் வருகிற பகடை துகிலும் நல்ல கூத்துதான், ஆனால் சின்னப் பெண்ணுக்கு முதல் கூத்தே அதுவாக வேண்டாம். அர்ச்சுனன் தபசைத் தவற விடாதீர்கள். 50, 60 அடி உயர மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார், பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடி ஏந்தி நிற்பார்கள். பார்க்கிற நமக்குத்தான் அது நாடகம், அவர்களுக்கு இல்லை.

கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணில் துரியோதனனைப் படுத்த வாக்கில் பிரம்மாண்டமாகச் செய்து, அதைச் சுற்றி பீம வேஷமும் துரியோதன வேஷமும் ஓடி ஓடிச் சண்டை போடும், தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், அப்புறம் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி. சாயங்காலம் தீமிதி. இரவெல்லாம் ஆடிவிட்டு அந்த வெயிலிலும் ஓடுகிறார்களே என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

முகவீணை:

மேலே சொன்னதெல்லாம் சரி. பழகுவது பற்றி நான் சொல்கிறேன், 30 வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஒரு வாத்தியாரிடம் போய் நின்றவன்.

ஒரு நாளில் கூத்து வராது. ஆனால் ஒரு நாளில் என்ன தெரிந்துகொள்ளலாம் என்றால், ஒப்பனை. மாலை ஏழு, எட்டு மணிக்கே கொட்டகைக்குப் பின்னால் போய், வாத்தியாரிடம் கேட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள், பெரும்பாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டியவை. அந்தக் கனத்தோடு கிறிக்கி அடிப்பது, அதாவது சுழன்று சுழன்று ஆடுவது, என்ன பாடு என்று கையில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பட்டறையில் வைத்தது அட்டைக் கிரீடமாக இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

முறையாகப் பழக என்றால், செய்யாறு பக்கம் புரிசையில் துரைசாமி கண்ணப்ப தம்பிரான் பரம்பரைத் தெருக்கூத்து மன்றம் இருக்கிறது, வெளியாட்களுக்கும் கற்றுத் தந்து பழகியவர்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் (தெருக்கூத்தைத்தான் அப்படியும் சொல்வார்கள்), 1990இல் தொடங்கியது. அவர்கள் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளும் துரியோதனன் வேஷம் கட்டும் அளவுக்கு வளர்ந்தார்கள். 2020இல் அதை மூடிவிட்டார்கள், நினைத்தால் வயிறு எரிகிறது. இரண்டு இடத்திலும் இந்த வருடம் முகாம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, பாட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஆட்டம் ஆட்டம் என்று ஓடுகிறார்கள், பின்னால் நின்று பாடும் பின்பாட்டுக்கு ஆள் இல்லை. முகவீணை என்கிற சின்னக் குழல் வாத்தியம் ஊத ஆள் அதைவிடக் குறைவு.

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு. உங்கட கூத்துக்கும் எங்கட கூத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, சொன்னால் பிள்ளைக்குப் பிரயோசனப்படும். உங்கள் பக்கம் ஜமா வந்து ஆடும், ஊர் பார்க்கும். எங்கள் பக்கம் ஊரே பழகி ஆடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்துச் சட்டம் கொடுப்பார், அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று. பிறகு மாதக்கணக்கில் இரவில் பழக்கம், சலங்கை கட்டு, அடுக்குப் பார்த்தல் என்கிற ஒத்திகை, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். பகலில் வயலில் நின்றவன் இரவில் தர்மராக வட்டக்களரியில் (வட்ட மேடையில்) நிற்பான். வடமோடி, தென்மோடி என்று இரண்டு விதம், ஆட்டமும் உடுப்பும் வேறு. அந்த மாதங்களில் சின்னப் பிள்ளைகள் களரியைச் சுற்றி இருந்தே தாளக்கட்டு எல்லாம் பாடமாக்கிவிடுவார்கள், ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதனால், ஐயா, ஒரு இரவோடு நிறுத்தாமல் ஒரே ஊரில் நாலைந்து இரவு இருக்கச் செய்யுங்கள்.

தாம்பரம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அட்டைக் கிரீடம்தான், முகவீணை ஐயா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள்! நாலு இரவு தங்க அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காது, சனி ஞாயிறு சேர்த்து இரண்டு இரவு பார்க்கிறேன். ஒரே கேள்வி, நடு இரவில் அவள் தூங்கிவிட்டால் என்ன செய்வது?

செய்யாற்றுக்காரன்:

தூங்கட்டும் சார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசையில் தூங்கிக்கொண்டுதான் கூத்து பார்க்கின்றன. முக்கியமான வேஷம் திரைக்குப் பின்னால் வந்து குரல் கொடுத்ததும் தானாக எழுந்துவிடும், எழாவிட்டால் கூத்தில் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் எழுப்பிவிடுவான். பாயும் போர்வையும் கொண்டு வாருங்கள், மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும். திரும்பிப் போக முதல் பேருந்துக்கு அவசரப்படாதீர்கள், கடைசி ஒரு மணி நேரத்தில்தான் கர்ணன் சாவான்.

தேதி தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், அந்தப் பக்கத்தில் இருந்தால் நானும் வருகிறேன். கோயில் வாசலில் டீக்கடை இருக்கும், ஆனால் இரண்டு மணிக்கெல்லாம் பால் தீர்ந்துவிடும்.