சீனன்குடா ஆலை லாபம் யாருடைய கணக்கில்?

உப்புவெளியான்: சீனன்குடா பிறிமா மா ஆலையின் தாய்க் கம்பனி சிங்கப்பூரில். அந்த லாபம் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேருமா?

கணக்குப்புலி: சேரும். உற்பத்தி நடக்கும் இடம்தான் அளவுகோல். வெளிநாட்டு உரிமையாளரின் பங்கு, நாட்டவருக்குச் சேரும் வருமானத்தை அளக்கும் மொத்த தேசிய வருமானத்தில்தான் கழியும். பலரும் தவறவிடுவது இது: லாபத்தை அனுப்பாமல் இங்கேயே மறுமுதலீடு செய்தாலும் வெளியே போனதாகவே பதிவார்கள், பிறகு நேரடி முதலீடாகத் திரும்பி வந்ததாக எழுதுவார்கள். காசு ஒரு சதமும் அசைந்திராது.

தம்பலகாமம்: விலைதான் பெரிய சிக்கல் அண்ணை. கற்பனை ஆலை ஒன்று: மா விற்பனை 100, கோதுமை 60, சம்பளம் 15, வேறு செலவில்லை. கூட்டிய பெறுமதி, அதாவது விற்பனையில் கோதுமைச் செலவு போக மிஞ்சுவது, 40. லாபம் 25, 30% வரி 7.5. தாய்க் கம்பனி கோதுமையை 70 என்று பில் போட்டால் கூட்டிய பெறுமதி 30, லாபம் 15, வரி 4.5. உள்நாட்டு உற்பத்தியில் 10 காணாமல் போகும். தேசிய வருமானத்தில் வரி குறைந்த 3 மட்டும்; மீதி 7 எப்படியும் தாய்க் கம்பனியின் பங்குதான்.

உப்புவெளியான்: அப்ப தேசிய வருமானத்தையே நம்பலாம்தானே?

கணக்குப்புலி: அயர்லாந்தில் அதுவும் சறுக்கியது தம்பி. 2015இல் கம்பனிகள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே மாற்றியதும் உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சி 26% என்று முதலில் அறிவித்தார்கள். அந்தச் சொத்துகளின் தேய்மானம் 'மொத்த' கணக்கில் கழியாது, ஆகவே தேசிய வருமானமும் ஊதியது. அதனால் 2017இல் அதைக் கழித்துத் திருத்திய தேசிய வருமானம் என்ற தனி அளவையே வெளியிடத் தொடங்கினார்கள். அங்குள்ள கம்பனிகள் குத்தகைக்கு விடும் விமானங்களின் தேய்மானமும் அதில் கழியும்.