அடிபம்புக் கணக்கு எதற்கு?

துடைப்பம்:
நேற்று ஒருவர் மார்தட்டி எழுதியிருந்தார். தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டதாம், அதில் ஒன்றுகூட வீண் இல்லையாம், நீக்கச் சொல்கிறவர்கள் தமிழுக்குக் குழி பறிக்கிறார்களாம். சரி, அப்படியே இருக்கட்டும். ஏதாவது ஓர் ஊராட்சிக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். இந்த ஊராட்சி இன்ன மாவட்டத்தில் இன்ன வட்டாரத்தில் அமைந்துள்ளது, இன்ன சட்டமன்றத் தொகுதி, இன்ன மக்களவைத் தொகுதி, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை இத்தனை. அப்புறம் ஓர் அட்டவணை: கைக்குழாய் (அதாவது அடிபம்பு) இத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இத்தனை, சுடுகாடு இத்தனை. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். அத்தனைக்கும் தானியங்கி (தானாகக் கட்டுரை ஏற்றும் நிரல்) வைத்து அச்சு மாறாமல் இதையே ஏற்றியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மறைத்துவிட்டால் எது எந்த ஊர் என்று ஏற்றியவருக்கே தெரியாது. கலைக்களஞ்சியத்தில் அடிபம்பு எண்ணிக்கை எதற்கு? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

வரப்போரம்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம், பயப்பட வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் தமிழில் இருக்கிற ஒரே பக்கம் அதுதான். உங்களுக்கு அது அச்சு மாறாத குப்பை. ஊரை விட்டுப் போய் திருப்பூரில் இருக்கிற எங்கள் பையன்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் வருகிற பக்கம் அது. அதில் குக்கிராமங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்த அச்சுப் புத்தகத்தில் எங்கள் காலனியின் பெயர் இருக்கிறது, காட்டுங்கள். கைக்குழாய் இருந்தால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

துடைப்பம்:
குக்கிராமப் பெயரைப் பற்றி நான் பேசவே இல்லை. அடிபம்பைப் பற்றிக் கேட்டேன். பதில் வரவில்லை.

நெல்லைப் பழசு:
இந்தச் சண்டை புதிதில்லை, தம்பிகளா. 2002 கடைசியில் ஆங்கில விக்கியில் ராம்பாட் என்று ஒரு தானியங்கி ஓடியது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் தரவை எடுத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குக் கட்டுரை போட்டது. எல்லாம் ஒரே வாய்ப்பாடு. அன்றைக்கும் இதே கூச்சல்தான். இன்றைக்கு அந்த ஊர்க் கட்டுரைகளில் ஊர்க்காரர்களே வந்து பள்ளிக்கூடம், ரயில், வெள்ளம் என்று எழுதி நிரப்பியிருக்கிறார்கள். விதை போட்டால் முளைக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் இங்கே துடைப்பம் மாதிரி ஆட்களுக்குப் பொறுமை இருந்ததே கிடையாது, நான் கைத்தறி நெசவாளர் ஒருவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு என்ன ஆனது என்று கேட்டால் தெரியும்.

துடைப்பம்:
ஐயா, அந்த நெசவாளர் கட்டுரைக்கு நீங்கள் கொடுத்த ஒரே சான்று உங்கள் சொந்த வலைப்பூ. அதை இன்னும் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

ராம்பாட் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இணையம் உள்ள ஊர்க்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், எழுதினார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய உதாரணம் செபுவானோ. பிலிப்பைன்ஸ் மொழி. ஸ்வெர்கர் யோகான்சன் என்ற சுவீடன்காரர் தம் தானியங்கியை அவிழ்த்துவிட்டார். இப்போது செபுவானோ விக்கியில் அறுபது லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள், எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம். எழுதுகிற மனிதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தரவுத்தளத்தில் ஒரே இடம் இரண்டு முறை இருந்தால் இரண்டு கட்டுரை. இதைப் பார்த்தும் யாராவது "எண்ணிக்கையில் முந்திவிட்டோம்" என்று பெருமைப்படுவார்களா? படுவார்கள், நம்மவர்கள் படுவார்கள். 2017 மே மாதம் ஒரு லட்சம் தொட்டபோது இந்தியை எட்டிப் பிடித்துவிட்டோம் என்று குதித்தவர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள். அந்த லட்சத்தில் எத்தனை அடிபம்பு?

வரப்போரம்:
செபுவானோவில் இல்லாத ஊரெல்லாம் கட்டுரையாக வந்தது. இங்கே இருக்கிற ஊர்தான் வந்திருக்கிறது. ஊராட்சி என்றால் தேர்தல் நடக்கிற, தலைவர் இருக்கிற, அரசிதழில் வருகிற ஊர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

அப்புறம், நீக்கல்காரர்களின் லட்சணம் உலகத்துக்கே தெரியும். 2018-இல் இயற்பியல் நோபல் வாங்கிய டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு அறிவிப்பு வந்த நாள்வரை ஆங்கில விக்கியில் கட்டுரையே இல்லை. அதே வருடம் ஒருவர் எழுதி அனுப்பிய வரைவைச் சான்று போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். 1963-க்குப் பிறகு அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண். 2013-லேயே அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அதற்கு முன்னால் 2007-இல் ஜிம்மி வேல்ஸே கேப் டவுன் பக்கத்தில் குகுலெத்து என்ற இடத்தில் இருந்த ம்சோலிஸ் என்ற இறைச்சிக் கடை பற்றி நாலு வரி எழுதினார், 22 நிமிடத்தில் ஒரு நிருவாகி தூக்கிவிட்டார். விக்கியைத் தொடங்கியவருக்கே இந்தக் கதி என்றால் வரப்போரத்துக்கு என்ன மரியாதை!

துடைப்பம்:
22 நிமிடம், 22 நிமிடம் என்று இந்தக் கதையைச் சொல்லாத, எதையும் நீக்காதே என்கிற சேர்ப்புக்காரர் கிடையாது. மீதிக் கதையையும் சொல்லுங்கள். விவாதம் நடந்தது, சான்றுகள் சேர்ந்தன, கட்டுரை இருக்கிறது. ஸ்ட்ரிக்லண்டும் அப்படித்தான், வரைவில் வெளியார் எழுதிய சான்று இல்லை, பரிசு வந்ததும் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் அதுவரை அவரைப் பற்றி எழுதாமல் இருந்தால் அது விக்கியின் குற்றமா? ஊர் எழுதியதைத்தான் நாம் எழுத முடியும்.

இதில் இன்னொரு விஷயம். இறைச்சிக் கடைக்கும் நோபலுக்கும் போகிறீர்களே தவிர அடிபம்புக்கு வரவே மாட்டேன் என்கிறீர்களே, ஏன்?

சும்மா வந்தவள்:
ஒரு சந்தேகம். எதற்குக் கட்டுரை இருக்கலாம் என்று சொல்கிற குறிப்பிடத்தக்கமை விதி இருக்கிறதே, அதில் ஊராட்சி வருமா வராதா? அதை முதலில் பார்த்துவிட்டால் முடிந்துவிடாதா?

துடைப்பம்:
விதியைப் பற்றி ஆலமரத்தடியில் (விக்கியின் பொது விவாதப் பக்கத்தில்) பத்துத் தடவை பேசியாகிவிட்டது, சகோதரி. ஊருக்குக் கட்டுரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிபம்பு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

வரப்போரம்:
விதியை எழுதியதே இவர்கள்தான், இவர்களிடம் போய்க் கேட்கிறீர்களே.

யாழ்தேவி:
உங்கட ஊராட்சிச் சண்டைக்குள்ள நான் வர விரும்பவில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேணும். தமிழ் விக்கியை 2003-இலிருந்து கட்டி எழுப்பினதில் இலங்கையர் பங்கு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். மயூரநாதன் ஐயா ஒருவர் மட்டும் ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதினவர், கட்டடக்கலை தொடங்கி எல்லாம் கையால. அவருக்குப் பக்கத்தில இந்தத் தானியங்கியை வைத்து எண்ணிக்கை காட்டுறது எங்களுக்கு வெட்கமாய்க் கிடக்குது. கலைக்களஞ்சியம் என்றால் யாழ்ப்பாணத்தில 1902-லேயே முத்துத்தம்பிப்பிள்ளை அபிதான கோசம் போட்டவர். தமிழ்நாட்டில அபிதான சிந்தாமணி வரவே 1910 ஆச்சுது.

நெல்லைப் பழசு:
ஆரம்பிச்சாச்சா? யார் முதல், யார் இரண்டாவது என்ற பேச்சு இல்லாமல் ஓர் இழை முடியாது போல. எட்டு வருடம் முந்தியதற்கு இத்தனை பெருமை என்றால், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை வைத்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் போட்டதே, அதற்கு நாங்கள் எவ்வளவு பெருமைப்பட வேண்டும்?

யாழ்தேவி:
அந்தப் பத்துத் தொகுதியில அடிபம்பு இருந்ததோ ஐயா?

துடைப்பம்:
யாழ்தேவிக்கு நூறு மதிப்பெண். தூரன் தொகுதிகளில் எது போக வேண்டும், எது கூடாது என்று உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கிற வேலைக்குப் பெயர்தான் தொகுப்பு. வாரிக் கொட்டுவதற்கு வேறு பெயர் உண்டு.

வரப்போரம்:
அச்சில் போடும்போது தாள் விலை, பக்கக் கணக்கு எல்லாம் உண்டு, தேர்ந்தெடுத்தார்கள். இங்கே எதற்குக் கஞ்சம்? சரி, கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அடிபம்புக்கே வருகிறேன். அந்த அட்டவணைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? ஊரக வளர்ச்சித் துறையின் 2015 தரவு என்று சொல்லித்தான் போட்டிருக்கிறார்கள். ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் வந்தது, அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு குழாய். அதற்கு முன்னால் ஓர் ஊரில் பொம்பளைகள் எத்தனை பம்பில் வரிசையாகக் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள் என்பது தெரிய வேண்டாமா? எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஒன்று, காலனி முக்கில் ஒன்று. முக்கில் இருந்ததில் கைப்பிடி போல்ட் கழன்று, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டி வைத்திருப்பார்கள். மேலத்தெருவில் எத்தனை, காலனியில் எத்தனை என்று பார்த்தாலே ஊரின் கதை தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய சமூக வரலாறு உங்கள் அரசர் பட்டியலில் இருக்கிறதா?

துடைப்பம்:
நல்ல பேச்சு. கைத்தட்டல். ஆனால் அந்தக் கட்டுரையில் மேலத்தெருவும் இல்லை, காலனியும் இல்லை, சைக்கிள் டியூபும் இல்லை. ஓர் எண் இருக்கிறது. எந்தப் பம்பு எங்கே இருந்தது, எதில் தண்ணீர் வந்தது, எது வற்றியது என்று ஒரு வார்த்தை உண்டா? நீங்கள் இப்போது இங்கே எழுதிய நாலு வரியை எவராவது ஆய்வு செய்து அச்சிட்டிருந்தால் நானே கொண்டு போய்ச் சேர்ப்பேன். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சமூக வரலாறு என்கிறீர்கள்.

2015 தரவு என்பதும் எனக்குத்தான் சாதகம். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து மாவட்டங்கள் பிரிந்தன, அடுத்த வருடம் மயிலாடுதுறை. பிரிந்த மாவட்டங்களின் ஊராட்சிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்த ஆள் எங்கே? 2011-க்குப் பிறகு புதிய மக்கள் தொகைக் கணக்கு வந்ததும் பன்னிரண்டாயிரத்தையும் யார் உட்கார்ந்து மாற்றப் போகிறார்கள், நீங்களா? ஏற்றுவதற்குத் தானியங்கி, துடைப்பதற்கு மட்டும் நாங்கள்.

நெல்லைப் பழசு:
அடிபம்பை ஏளனமாகவே பேசுகிறீர்களே, இந்தியா மார்க் 2 கைபம்பு 1970-களில் யூனிசெப் உதவியோடு உருவானது, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையில் செய்தார்கள், ஆப்பிரிக்காவரை போனது. அதைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு கட்டுரை எழுத இத்தனை துடைப்பங்களில் ஒருவருக்கும் நேரம் இல்லை. கட்டுரையை நீக்கச் சொல்லும் அறிவிப்பு வார்ப்புரு ஒட்ட மட்டும் ராத்திரி ஒரு மணிக்கும் ஆள் உண்டு.

துடைப்பம்:
நீங்கள் எழுதலாமே? தமிழில் எழுதத் தடை போட்டேனா?

நெல்லைப் பழசு:
எழுதினால் சான்று எங்கே என்பீர்கள், சான்று கொடுத்தால் வலைப்பூ என்பீர்கள்.

வரப்போரம்:
தானியங்கி என்றால் குப்பை, கூகுள் கொட்டினால் மட்டும் சந்தனமா? 2009, 2010 வாக்கில் கூகுள் ஆள் வைத்து மொழிபெயர்த்து ஏற்றியதே, அமெரிக்கப் பாடகர், ஹாலிவுட் படம் என்று வாயில் நுழையாத தமிழில், இல்லாத கட்டுரைகளுக்கான சிவப்பு இணைப்பு ரத்தக்களரியாக. வங்காளிகள் வேண்டாம் என்று துரத்தினார்கள். நாம் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தினோம். அந்தக் கட்டுரைகளை எல்லாம் துடைத்துவிட்டீர்களா?

துடைப்பம்:
அதை எதிர்த்து 2010-இல் போலந்தில் நடந்த உலக விக்கி மாநாடான விக்கிமேனியாவரை போய்ப் பேசியது தமிழ் விக்கியர்தான், நினைவிருக்கட்டும். துரத்தாமல் திருத்த வைத்தோம். அதற்குப் பேச்சுப் பக்கங்களில் ராப்பகலாக உழைத்தவர்களை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? இந்திய மொழி விக்கிகளுக்கான வேங்கைத் திட்டக் கட்டுரைப் போட்டியில் மடிக்கணினி கொடுக்கிறார்கள் என்றதும் வந்தவர்தானே?

வரப்போரம்:
மடிக்கணினிப் பேச்சை எடுத்தால் நல்லா இருக்காது. நான் வாங்கவில்லை. அந்தப் போட்டியில் பஞ்சாபிக்காரர்களோடு மல்லுக்கட்டி, இரண்டாம் முறை தமிழ் முதலிடம் வந்தபோது எல்லாரும் சேர்ந்துதான் கொண்டாடினோம், நீங்களும்தான். அப்போது எண்ணிக்கை இனித்தது, இப்போது கசக்கிறது.

யாழ்தேவி:
அண்ணமார், தொலைக்காட்சித் தொடர் நடிகைகளுக்கு எத்தனை கட்டுரை கிடக்குது என்று யாராவது எண்ணிப் பார்த்ததோ? அடிபம்பு தண்ணியாவது தரும்.

துடைப்பம்:
பேச்சை மாற்ற வேண்டாம். நடிகைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது, சான்று இருக்கிறது. அடிபம்பைப் பற்றி எந்தப் பத்திரிகையில் செய்தி வருகிறது?

வரப்போரம்:
வருமே, அது வற்றும்போது. காலிக் குடத்தோடு சாலை மறியல் செய்தால் மாவட்டப் பதிப்பில் படத்தோடு வரும். நீங்கள் படிப்பது எல்லாம் சினிமா இணைப்பு மட்டும் போல.

சும்மா வந்தவள்:
அட்டவணையை மட்டும் தனியாகத் தரவுத்தளத்தில் வைத்துவிட்டுக் கட்டுரையில் இணைப்புக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சரிதானே? விக்கித்தரவு அதற்குத்தானே இருக்கிறது?

வரப்போரம்:
அதாவது எங்கள் ஊர் திண்ணையில், சீரியல் நடிகை நடுக்கூடத்தில். நல்ல ஏற்பாடு.

துடைப்பம்:
விக்கித்தரவில் ஏற்றுவதற்கும் யார் வருவார்கள்? அதுவும் எங்கள் தலையில்தான் விடியும். வரப்போரம், உங்கள் ஊர்க் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டிருக்கிறேன். கைக்குழாய் எண்ணிக்கைக்கு நேரடிச் சான்று வேண்டும். துறையின் தளத்துக்குப் பொதுவாக இணைப்புக் கொடுத்தால் போதாது. இரண்டு வாரம் பார்ப்பேன், வராவிட்டால் அந்த வரியை எடுப்பேன்.

வரப்போரம்:
எடுங்கள், நான் மீட்பேன். நீங்கள் எடுக்க எடுக்க மீட்பேன், கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு பேர் பெயரும் வரிசையாக நிற்கட்டும். நீங்கள் போன மாதம் ஆரம்பித்த அந்தத் தொடர் நடிகை கட்டுரையையும் பார்த்தேன். பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. வார்ப்புரு ஒட்டியாகிவிட்டது.

துடைப்பம்:
பழிவாங்கும் திருத்தம். நிருவாகிகள் கவனிக்க.

நெல்லைப் பழசு:
நிருவாகிகள் கவனிக்கும்போது அந்த நெசவாளர் கட்டுரையையும் கொஞ்சம் கவனிக்கட்டும்.